கொள்வனை கொடுப்பனை இல்லாத ஊர்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்:

பொங்கியண்ணன், வயது ஐம்பத்தொன்பது. போத்தனூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். மறுநாள் காலை ஞானஸ்நானம் எடுக்க வேண்டியவர்.

அவர் மனைவி கிருபாவதி. மிஷன் பள்ளியில் தையல் டீச்சர்.

உபதேசியார் ராசப்பன். பொங்கியண்ணனுக்கு ஞானஸ்நான வகுப்பு எடுத்தவர்.

பொங்கியண்ணனின் அக்கா கருப்பாத்தாள். தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு பை முருங்கைக்காயோடு மத்தியானம் வந்து இறங்கியவர்.

நான், கதிர்வேல். பின்கட்டில் வாடகைக்கு இருப்பவன். மில்லில் மூன்றாவது ஷிப்டை விட்டு நின்ற பிறகு பகலை என்ன செய்வதென்று தெரியவில்லை. யார் கூப்பிட்டாலும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஞானாபரணம், கிருபாவதியின் முதல் கணவர். சுவரில், படமாக.

செத்துப் பதினாறு வருஷம் ஆகப்போகிறவரை இருந்தவர்கள் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். மற்ற ஐந்து பேரும் கூடியதே அவரால்தான். ஆனால் உட்காரும்போது அது எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இது 1995 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. பொங்கியண்ணன் அதற்கு முன்பே இரண்டு தடவை ஓடியிருந்தார்.

முதல் தடவை, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. கோயிலில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஆயர் அங்கி மாற்றும் சின்ன அறை ஒன்று உண்டு. அதற்கு இரண்டு கதவு. ஒன்று கோயிலுக்குள் திறக்கும். இன்னொன்று பின்பக்கம், வேப்பமரத்தடிக்குத் திறக்கும். பொங்கியண்ணனை வெள்ளை வேட்டியோடு அந்த அறையில் உட்கார வைத்தார்கள். உள்ளே பாட்டு முடிந்து கூப்பிட்டபோது ஆள் இல்லை. வேப்பமரத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறி, அது கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஆனைமலையில் இறங்கியிருக்கிறார். மாசாணியம்மன் கோயில் வாசலில் பொரி வாங்கித் தின்றுவிட்டு, சாயங்காலம் அதே வெள்ளை வேட்டியில் வீடு வந்தார்.

இரண்டாவது தடவை, ஈஸ்டர். தொண்டாமுத்தூரில் யானை ஒரு தோட்டத்துக்குள் புகுந்து மோட்டாரை உருட்டிவிட்டதாகவும், தான் உடனே போயாக வேண்டும் என்றும் கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். யானை வந்தது உண்மைதான். பத்து நாளைக்கு முன்னால் வந்தது.

ஆயர் மூன்றாவது தேதி கொடுத்தார். நாலாவது கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கிருபாவதியும் இனிமேல் புருஷனை ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் உபதேசியார் முந்தின நாளே வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, எல்லா வகுப்புக்கும் வந்தீங்க," என்றார் அவர். "ஜெபமெல்லாம் மனப்பாடமாச் சொல்றீங்க. கோயில்லயே பொறந்து வளந்த பிள்ளைங்க அத்தனை சுத்தமாச் சொல்றதில்லை. அப்பறம் எதுக்குங்க ஓடறீங்க?"

"ஓடலீங்க. பஸ்ஸுலதான் போனேனுங்க."

"ஒறம்பரைக்குப் பயந்துக்கறாருங்க," என்றார் கிருபாவதி. "சாதிசனம் என்ன சொல்லுமோன்னு. இப்ப ஒறம்பரையே வந்து ஒக்காந்திருக்குது. இனி எங்கங்க வரப்போறாரு."

கருப்பாத்தாள் முருங்கைக்காயைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"என்னைய எதுக்கு அம்மணி இழுக்கற? தடுக்கறதுன்னா மொதத் தடவையே வந்து தடுத்திருப்பேன். மூணாவது தடவை எப்படி ஓடறான்னு பாக்கலாமுன்னு வந்தேன்."

"பின்ன எதுக்குத்தானுங்க இவரு இப்படிப் பண்றாரு?"

"எங்களுக்கு அவன் என்னைக்குப் பயந்தான்? அவன் பயந்துக்கறது அந்த மனுசனுக்கு." கருப்பாத்தாள் ஒரு முருங்கைக்காயால் சுவரைக் காட்டினார்.

எல்லோரும் படத்தைப் பார்த்தோம். கோட்டு போட்ட, நெற்றி அகன்ற, அழகான மனிதர். கீழே அச்செழுத்தில், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், 12-8-1979'.

"அக்கா, சும்மா இரு," என்றார் பொங்கியண்ணன்.

"ஈஸ்டருக்கு எங்கூட்டுக்குத்தான வந்தான். ராகிக்களியைத் தின்னுபோட்டு அன்னிக்குத்தான் சொன்னான். நீ சொல்றயா, நானே சொல்லட்டுமாடா?"

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு உபதேசியாரைப் பார்த்து, மோட்டாரில் என்ன கோளாறு என்று விளக்குகிற அதே குரலில் பேசினார்.

"நித்திரையடைந்தாருன்னு போட்டிருக்குதுங்க. நித்திரைன்னா தூக்கம். தூங்கறவரு ஒரு நாளைக்கு எந்திரிப்பாருங்களா, மாட்டாருங்களா? நீங்கதான வகுப்புல சொன்னீங்க, எக்காளம் ஊதுனா எல்லாரும் எந்திரிச்சுக்குவாங்கன்னு."

"ஆமாங்க. சொன்னேன்."

"எந்திரிச்சதும் மொதல்ல என்னங்க கேப்பாரு? கிருபா எங்கேன்னு கேப்பாரு. நானு பக்கத்துல நின்னா, இது யாரும்பாரு. நானு என்னன்னுங்க சொல்றது? மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன்னு சொல்றதா?"

உபதேசியார் வகுப்பு நோட்டைத் திறந்தார். பொங்கியண்ணன் நிறுத்தவில்லை.

"தண்ணி ஊத்திக்காம இருந்தா செத்தப்பறம் நானு வேற எங்காச்சும் கிடந்துக்குவேன். எதையும் கண்ணுல பாக்க வேண்டியதில்லை பாருங்க. அதுதானுங்க. வேற ஒண்ணுமில்லை."

கல்யாணம் ஆன ஆறு வருஷமாக இந்த மனிதர் தினமும் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அது எழுந்துகொள்ளும் என்று நம்பிக்கொண்டே ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். கிருபாவதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"சிரிக்கறயா? சிரி. உனக்கென்ன, அங்க ரெண்டு பேரு," என்றார் பொங்கியண்ணன்.

உபதேசியார் சங்கடமான கேள்வி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைக்கவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி இது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, இதையேதான் அந்தக் காலத்துலயே இயேசுகிட்டக் கேட்டிருக்காங்க. கேட்டவங்க உயிர்த்தெழுதலே இல்லைன்னு சொல்றவங்க. மடக்கலாமுன்னு கேட்டாங்க. ஏழு அண்ணன் தம்பிங்க. மூத்தவரு ஒரு பொண்ணைக் கட்டி, பிள்ளை இல்லாமச் செத்துட்டாரு. அங்கத்த வழக்கப்படி அடுத்த தம்பி அந்தப் பொண்ணையே கட்டிக்கோணும். அவரும் செத்துட்டாரு. இப்படியே ஏழு பேரும்."

"ஏழு பேருங்களா?" பொங்கியண்ணன் நிமிர்ந்தார்.

"ஏழு பேரும் கட்டி, ஏழு பேரும் செத்தாங்க."

"மூணாவது ஆளுக்கே அந்தம்மா போடற சோத்து மேல சந்தேகம் வந்திருக்கோணுமே," என்றார் கருப்பாத்தாள்.

"அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. கடைசியில அந்தம்மாவும் செத்துப் போனாங்க. எல்லாரும் எந்திரிக்கறப்ப அந்தம்மா யாருக்குப் பொண்டாட்டின்னு கேட்டாங்க."

"சரியாத்தான் கேட்டிருக்காங்க," என்றார் பொங்கியண்ணன். "நம்முது ரெண்டுதான். அவரு என்னங்க சொன்னாரு?"

"அங்க கொள்வனையும் கிடையாது, கொடுப்பனையும் கிடையாதுன்னு சொல்லிட்டாரு. தேவதூதருக்கு ஏதுங்க குடும்பம்? அங்க போனா எல்லாரும் அவங்களாட்டத்தான்."

உபதேசியாருக்கு அது வேதச் சொல். கருப்பாத்தாளுக்குப் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொல். பெண் எடுப்பது கொள்வனை, பெண் கொடுப்பது கொடுப்பனை. இன்ன ஊட்டுக்கும் நமக்கும் கொள்வனை கொடுப்பனை உண்டு, இன்ன ஊட்டுக்கு இல்லை என்று விரல் விட்டுச் சொல்லக்கூடியவர் அவர். தம்பிக்கு ஜாதகத்தில் தோஷம் என்று தெரிந்த பிறகும் இருபத்திரண்டு வருஷம் பெண் தேடி அலைந்தவர். ஒரு இடமும் கூடிவரவில்லை.

"அப்ப அவருக்குக் கிருபா மேல பாத்தியதை இல்லீங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"இல்லீங்க."

"எந்திரிச்சு வந்து கேட்டாலும்?"

"கேக்கமாட்டாருங்க. கேக்கோணுமுன்னே தோணாது."

பொங்கியண்ணன் முகத்தில் ரத்தம் ஏறியது. ஞானாபரணத்தின் படத்தை, நான் பார்த்து முதல் தடவையாக, சிநேகமாகப் பார்த்தார். கிருபாவதி காப்பி வைக்கிறேன் என்று எழுந்தார். உபதேசியார் நோட்டை மூடினார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"அப்ப எனக்குங்க?" என்றார் பொங்கியண்ணன்.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார்.

"உங்களுக்கும் இல்லீங்க."

பொங்கியண்ணன் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

"அம்பத்தி மூணு வயசு வரைக்கும் எனக்குக் கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லீங்க. பட்டறைத் திண்டுல படுத்து, ஓட்டல்ல தின்னுட்டுக் கிடந்தேன். அதுதான் பரலோகமுன்னு அப்ப யாரும் எனக்குச் சொல்லலீங்க."

"ஐயா, ஒக்காருங்க."

"ஆறு வருசமாத்தானுங்க மனுசனாட்டம் இருக்கறேன். அதையக் குடுத்துப்போட்டுப் பழைய பொழப்புக்கே போறதுக்கு, தலையில தண்ணி வேற ஊத்திக்கோணுங்களா?"

கிருபாவதி வாசலை மறித்து நின்றார். "சட்டையைப் போட்டீங்கன்னா பட்டன் அத்தனையும் பிச்சுப்போடுவேன். தெச்சுக் குடுக்கவும் மாட்டேன்."

அவர் சட்டையைப் போடவில்லை. ஆணியிலும் மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது கருப்பாத்தாள் முருங்கைக்காயை ஒதுக்கிவிட்டு உபதேசியார் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏனுங்க சாமி, ஒரு விசியம். கொள்வனை கொடுப்பனைன்னா இனிமேப் போய்ப் பொண்ணு எடுக்கறது, பொண்ணு குடுக்கறது. அங்க அது இல்லைன்னா, தரகனுக்கு அங்க வேலையில்லைன்னு அர்த்தம். சரி. இங்கயே எடுத்து முடிச்சதைய அங்க எவன் வந்து திருப்பிக் கேப்பான்?"

உபதேசியார் அவரை மரியாதையாகப் பார்த்தார். "அப்படியும் பொருள் சொல்றவங்க உண்டுங்கம்மா. ஆனா சபை அப்படிச் சொல்றதில்லை. கலியாணத்துல வாக்குக் குடுக்கறதே மரணம் பிரிக்கற வரைக்குமுன்னுதானுங்க. அதோட அது முடிஞ்சு போகுது. ஒருத்தரையொருத்தர் அடையாளம் தெரியும், அன்பு குறையாது. புருசன் பொண்டாட்டிங்கறது மட்டும் இருக்காது."

"நீ எனக்கு ஒத்தாசை பண்றேன்னு பண்ணாத அக்கா," என்றார் பொங்கியண்ணன். "எடுத்தது எடுத்ததுதான்னு வெச்சா, மொதல்ல எடுத்தவரு அவருதான. ரீவைண்டிங் பண்றப்ப பழைய கம்பியை உருவாமப் புதுக் கம்பி சுத்த முடியுமா? உருவுனா ரெண்டும் இல்லை. உருவலைன்னா பழசுதான் இருக்கும்."

கணக்கு அவ்வளவுதான். திருமணம் அங்கேயும் உண்டென்றால் ஞானாபரணம் முந்திக்கொள்கிறார். இல்லையென்றால் பொங்கியண்ணனுக்கும் ஒன்றுமில்லை. எனக்கு இதில் சொல்ல எதுவும் இல்லை. நான் கோயிலுக்கே போகிறவன் இல்லை. ஆனாலும் அவர் அந்தச் சட்டையை மாட்டிவிட வேண்டும் என்று இருந்தது. ஆணியில்.

பொங்கியண்ணன் கிருபாவதியைப் பார்த்தார்.

"நீ சொல்லு அம்மணி. உனக்கு எது சவுகரியம்?"

கிருபாவதி வாசலை விட்டு வந்து, படத்துக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இவரைப் பத்தி நானு குறை சொல்லமாட்டேனுங்க. நல்ல மனுசன். கோயில்ல பாடுனாருன்னா வெளிய போறவங்க நின்னு கேட்டுட்டுப் போவாங்க. ஊட்டுல பேசமாட்டாரு. பதினெட்டு வருசம். நானு பொறந்தப்பவே எங்கப்பாரு இவருக்குன்னு சொல்லி வெச்சுட்டாரு, அவிய அப்பாரு எடுத்துக்கிட்டாரு. என்னைய யாரும் கேக்கலை. இவரையும் கேட்டிருக்க மாட்டாங்க, பாவம். அதுக்குப் பேருதானுங்க கொள்வனை கொடுப்பனை." நிறுத்தி, கணவரை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு என்னைய யாருங்க குடுத்தாங்க?"

பொங்கியண்ணன் யோசித்தார். "யாரும் குடுக்கலையே."

"உங்க பக்கம் யாரு வந்து எடுத்தாங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார். கருப்பாத்தாள் முருங்கைக்காயைப் பார்த்தார்.

"நானுதான் அன்னிக்கு வரவே இல்லியே கண்ணு," என்றார் மெதுவாக.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பொண்ணு தரப்புல யாருன்னு கேட்டாங்க. நானேதான்னு சொன்னேன். பட்டறையில வேலை செஞ்சவங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. குடுக்கவும் ஆளில்லை, எடுக்கவும் ஆளில்லை. அங்க இல்லைன்னு சொன்னது என்னமோ, அது நமக்கு இங்கயே இருந்ததில்லீங்க."

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"தையல் மெஷின் மோட்டாரை உங்க பட்டறைக்கு மூணு தடவை கொண்டாந்தேன்," என்றார் கிருபாவதி. "எரிஞ்சது ஒரு தடவைதான்."

"மத்த ரெண்டு தடவை?"

"ஒயரைக் கழட்டி விட்டுட்டுக் கொண்டாந்தேன்."

"அது எனக்குத் தெரியும்," என்றார் பொங்கியண்ணன். "ரெண்டு நாளாகுமுன்னு சொன்னேனே. ரெண்டு நிமிச வேலை."

கருப்பாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபத்திரண்டு வருசம் எங்காலு தேஞ்சது. நீங்க ஒயரைக் கழட்டி முடிச்சுப்போட்டீங்க."

"நானாத்தானுங்க ஒரு தடவை வந்தேன்," என்றார் கிருபாவதி. "அங்கயும் நானா வாரேன். பொண்டாட்டின்னு பேரு இல்லாமப் போனாப் போகட்டும், சோறாக்கற வேலை மிச்சம். ஆனா நீங்க அங்க வராம வேற எங்காச்சும் போய்க் கிடந்துட்டீங்கன்னா, நானு யாருகிட்டங்க வாரது?"

பொங்கியண்ணன் சட்டையின் காலரை நீவினார். பிறகு உபதேசியாரிடம், "இது சரிங்களா?" என்று கேட்டார்.

"வியாக்கியானத்துல எங்கயும் இப்படிப் படிச்சதில்லீங்க."

"தப்புங்களா?"

"சபை சொல்றது நான் சொன்னதுதான். அங்க கலியாணம் இல்லை. அம்மாவும் இருக்குதுன்னு சொல்லலியே. ஒருத்தரைத் தேடிப் போய்ப் பக்கத்துல ஒக்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை." அவர் நோட்டைப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு ஆயர்கிட்ட மட்டும் இதைக் கேட்டு நிக்காதீங்க. கூட்டம் தாமதமாயிரும்."

"அவருக்கு வருத்தமா இருக்காதுங்களா?" பொங்கியண்ணன் படத்தைக் காட்டினார்.

"அங்க எந்நேரமும் பாட்டுதானுங்க."

"அப்பச் சரி. அவருக்கு அதுதான வேணும்."

சட்டையை ஆணியில் மாட்டினார். கிருபாவதி காப்பி வைத்தார். கருப்பாத்தாள் முருங்கைக்காய்ப் பையின் அடியிலிருந்து ஒரு துணிக்கடைப் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். எட்டு முழ வேட்டி, துண்டு. கிருபாவதிக்கு ஒரு சேலை.

"சீரு," என்றார். "ஆறு வருசம் லேட்டு. எடுத்துக்க அம்மணி. கொள்வனை கொடுப்பனையில சேத்திக்காத."

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் பின்பக்கம், வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்திருந்தது. பொங்கியண்ணன் புது வேட்டியில், முடியை நீர் வைத்துப் படிய வாரி, பார்க்கவே வேறு ஆளாக இருந்தார். அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, அங்கிகள் தொங்கும் கம்பி, கோயிலுக்குள் போகும் மறுகதவு.

மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நாங்கள் நாலு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் பஸ்ஸைப் பார்த்தார்.

"என்னடா?" என்றார் கருப்பாத்தாள்.

"ஒண்ணுமில்லை. மனசு நிக்குது. காலு பழகிப்போச்சு."

இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்து கிருபாவதி கையில் வைத்தார். பட்டறைக் கதவின் பூட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். சாவியும் அதிலேயே செருகியிருந்தது.

"அம்மணி, நானு உள்ள போனதும் இந்தப் பக்கம் பூட்டிக்க."

"நம்பிக்கை இருக்குதுங்க எனக்கு."

"எனக்கு இல்லை. பூட்டு."

உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, கோயில் சொத்தில் வெளிப்பூட்டுப் போடலாமா கூடாதா என்பதும் எங்கும் எழுதப்படவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பேசாமல் முன்வாசலுக்கு நடந்தார்.

பொங்கியண்ணன் குனிந்து அறைக்குள் போனார். கிருபாவதி கதவைச் சாத்தினார். நாதாங்கியை இழுத்துப் பூட்டைக் கோத்து அழுத்தினார். சாவியைத் திருகி எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார்.

"பூட்டிட்டயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பூட்டிட்டேனுங்க."

பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, இனி அவர் வருகிற பக்கத்தில் இருக்க வேண்டுமென்று, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வேகமாக நடந்தார்.